காட்டு மண்ணும் மழைக் கணக்கும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)



ஆண்டுதோறும் இம்மேடையில் சமயம் பற்றியும் இலக்கியம் பற்றியும் பேசுவோர் பலர் உளர். இம்முறை விஞ்ஞானம் சார்ந்த பொருளொன்றைப் பற்றிப் பேசுமாறு மன்றத்தார் என்னைப் பணித்தார்கள். "பேச்சு பள்ளிக்கூடப் பாடம்போல இருத்தலாகாது, கேட்டவர் வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்றேனும் அதில் இருத்தல் வேண்டும்" என்று ஒரு நிபந்தனையும் விதித்தார்கள். அந்நிபந்தனைக்கு உட்பட்டே இன்று மண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

மழை காலத்திலே பேராதனைப் பாலத்தின்மேல் நின்று மகாவலி கங்கையை நோக்கியவர்கள் உங்களிற் பலர் இருப்பீர்கள். ஆறு அப்பொழுது பால் விட்ட தேநீரின் நிறத்தில் ஓடும். ஆனால், நல்ல காட்டின் உள்ளேயிருந்து இறங்கிவரும் ஒரு சிற்றோடையை அதே மழையில் சென்று பாருங்கள். நீர் பெருகியிருக்கும், சருகுச் சாயம் சிறிது ஏறியிருக்கும், எனினும் கையில் அள்ளினால் உள்ளங்கை தெரியும். வானம் ஒன்று, மழை ஒன்று, மலையும் ஒன்றுதான். ஒன்றில் மண் கரைந்து வருகிறது, மற்றதில் வரவில்லை. இந்த வேற்றுமை எதனால் வந்தது? எவ்வளவு மண் போகிறது? எந்த இடத்திலிருந்து போகிறது? இவற்றை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்ல வழியுண்டா? இவையே இன்று நாம் சிந்திக்கவேண்டிய வினாக்கள்.

முதலில் மழைத்துளியிலிருந்து தொடங்குவோம். துளி சிறியதாயிற்றே, அது என்ன செய்துவிடும் என்று நாம் நினைப்பதுண்டு. ஏறக்குறைய ஐந்து மில்லிமீற்றர் விட்டமுள்ள பெருந்துளி, நிலத்தை அடையும்போது ஒரு செக்கனுக்கு ஒன்பது மீற்றர் வேகத்தில் வந்து மோதுகின்றது. மூடாத மண்ணின்மேல் அது மோதும்போது மண்கட்டி உடைந்து துகளாகித் தெறிக்கின்றது. உடைந்த நுண்துகள்கள் மண்ணின் துவாரங்களை அடைத்துவிடுகின்றன. துவாரம் அடைபட்டபின் நீர் உள்ளே இறங்க வழியில்லை. அது மேலே வழிந்தோடுகின்றது. ஓடும் நீர், தெறித்த மண்ணைச் சுமந்துகொண்டு சரிவிலே இறங்குகின்றது. முதலில் தாள்போன்ற மெல்லிய ஓட்டம்; பின்னர் விரலளவான ஓடைகள்; பின்னர் ஆளை மறைக்கும் பள்ளங்கள். இதனையே மண்ணரிப்பு என்கிறோம்.

இதனைக் காடு எங்ஙனம் தடுக்கிறது? "மரக்கிளைகள் குடைபோல நின்று மழையைத் தாங்குகின்றன" என்று நாம் சிறுவயதில் படித்தோம். அது முழு உண்மையன்று. உயர்ந்த மரத்தின் இலைநுனியிலே நீர் சேர்ந்து, வானத்திலிருந்து விழுந்த துளியினும் பெரிய துளியாகி விழுகின்றது. எட்டுப் பத்து மீற்றர் உயரம் இருந்தாற் போதும். அத்துளி தன் முழு வேகத்தையும் ஏறக்குறையத் திரும்பவும் பெற்றுவிடும். ஆகவே மரம் மாத்திரம் நின்று, அதன் அடியில் ஒன்றும் இல்லையென்றால், அந்தக் குடையால் மண்ணுக்குப் பெரும்பயன் இல்லை. மண்ணைக் காப்பது தரையிற் கிடக்கும் இலைச்சருகும், அதன் கீழுள்ள உக்கலும், செடிகொடிகளும், நுண்வேர்களுமே. ஜாவாத் தீவிலே வீர்சும் என்னும் ஆராய்ச்சியாளர் அக்கேசியா மரத்தோப்பொன்றில் இதனைச் சோதித்தார். கிளைகளை அகற்றிச் சருகை விட்டுவைத்த இடத்திலே மண்ணரிப்பு மிகவில்லை. சருகை அகற்றி மரத்தை விட்டுவைத்த இடத்திலேதான் அது பெருகிற்று. ஆகவே காட்டின் உண்மையான காவலன் மேலே நிற்பவன் அல்லன், கீழே கிடப்பவன்.

இச்செய்தி நம் மலைநாட்டுக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்காக இம்மலைகளின் காடு வெட்டப்பட்டது. 1869 இல் கோப்பி இலையில் துருநோய் தோன்றி, சில ஆண்டுகளில் அத்தொழிலே அழிந்தது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் நட்ட தேயிலை பின்னர் மலையெங்கும் பரவிற்று. இதற்கிடையில், 1873 இல், இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்தின் அதிபராயிருந்த ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள காடுகளை வெட்டலாகாது என்று ஆலோசனை கூறினார். இன்று சிவனொளிபாத மலையைச் சுற்றியும் ஹோட்டன் சமவெளியிலும் எஞ்சி நிற்கும் காடுகளைப் பார்க்கும்போது அந்த ஆலோசனையின் பெறுமதி விளங்கும். மகாவலியின் தலைநீரும் அவ்வுயரங்களிலிருந்தே வருகின்றது.

அதற்குக் கீழே நடந்தது வேறு. தோட்டங்களிலே ஒரு புல்லும் இருத்தலாகாது என்று களை சுரண்டும் வழக்கம் இருந்தது. நம் பாட்டன் பாட்டிமார் கையிற் பிடித்த சொரண்டி, களையோடு மேல்மண்ணையும் சேர்த்தே சுரண்டிற்று. அது அவர்கள் விரும்பிச் செய்த வேலையன்று. கட்டளைப்படி செய்த வேலை. 1931 இல் அரசாங்கக் குழுவொன்று மண்ணரிப்பைப் பற்றி அறிக்கை சமர்ப்பித்தது. 1947 இல் பெருவெள்ளமும் மலைச்சரிவுகளும் வந்தன. 1951 இல் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. அறிக்கை வந்து இருபது ஆண்டுகளின் பின்பே சட்டம் வந்தது. அந்த இருபது ஆண்டு மழையும் மண்ணைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

இனி, கணக்குக்கு வருவோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே 1930ஆம் ஆண்டுகளில் நிலம் பாழாகிப் புழுதிப்புயல் எழுந்தது. 1935 இல் அங்கே மண் பாதுகாப்புச் சேவை என்னும் திணைக்களம் அமைந்தது. பல இடங்களிலே சரிவான நிலத்திற் சிறு பாத்திகளை அமைத்து, அவற்றின் அடியிலே தொட்டி வைத்து, ஒவ்வொரு மழையிலும் எவ்வளவு நீரும் எவ்வளவு மண்ணும் வந்தன என்று அளந்தார்கள். ஒரு பாத்தியை ஓராண்டு அளந்தால் அது ஒரு பாத்தி-ஆண்டு. இவ்வாறு 49 இடங்களிற் பெற்ற பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாத்தி-ஆண்டுகளின் அளவீடுகளை, பேர்டியூ பல்கலைக்கழகத்தில் 1954 இல் அமைக்கப்பட்ட நிலையமொன்றிலே ஒன்றுசேர்த்தார்கள். வால்டர் விஷ்மையர், டுவைற் சிமித் என்னும் இருவரும் அவற்றை ஆராய்ந்து 1965 இல் ஒரு சமன்பாட்டைக் கைநூலாக வெளியிட்டார்கள். 1978 இல் அதனைத் திருத்தி மீண்டும் வெளியிட்டார்கள். உலகளாவிய மண்ணிழப்புச் சமன்பாடு என்பது அதன் பெயர்.

பெயர் பெரிதாயினும் அதன் உள்ளடக்கம் எளிது. ஓராண்டில் ஒரு ஹெக்டேயரில் இழக்கப்படும் மண், ஐந்து காரணிகளைப் பெருக்கி வருவது. முதலாவது, மழையின் வலிமை. எவ்வளவு மழை பெய்தது என்பது மாத்திரமன்றி, எவ்வளவு கடுமையாகப் பெய்தது என்பதும் இதில் அடங்கும். ஆதலின் முப்பது நிமிடத்திற் பெய்த உச்ச மழையையும் கணக்கிற் சேர்ப்பர். இரண்டாவது, மண்ணின் தன்மை. சில மண் எளிதிற் கரையும், சில கரையா. மூன்றாவது, சரிவின் நீளமும் செங்குத்தும். நான்காவது, நிலத்தின் மூடுகை. ஐந்தாவது, வரம்பு, கான், படிக்கட்டு முதலிய பாதுகாப்பு முறைகள். இவற்றுள் மழையை நாம் மாற்ற முடியாது; மண்ணையும் மலையையும் மாற்றுவது அரிது. மனிதன் கைக்கு எட்டுவன மூடுகையும் பாதுகாப்பு முறையுமே.

மூடுகைக் காரணிக்கு முற்றாக வெறுமையான, உழுத நிலத்திலே ஒன்று என்னும் எண் கொடுக்கப்படும். நல்ல காட்டுக்கு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? கிளைமூடுகை முக்காற் பங்குக்கு மேலிருந்து, தரையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சருகும் உக்கலும் மூடியிருந்தால், 1978 ஆம் ஆண்டுக் கைநூல் அதற்குக் கொடுக்கும் எண் பத்தாயிரத்தில் ஒன்று முதல் ஆயிரத்தில் ஒன்று வரை. சருகு குறைந்து, தரையில் நாற்பது முதல் எழுபது வீதம் மாத்திரம் மூடியிருக்கும் ஐதான காட்டுக்கு ஆயிரத்தில் மூன்று முதல் ஒன்பது வரை. வெறும் நிலத்தோடு ஒப்பிட்டால் ஐதான காடும் எவ்வளவோ மேல் என்பது இதனாற் பெறப்படும்.

இப்போது நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு சிறு கணக்குச் செய்வோம். நூறு ஹெக்டேயர் பரப்புள்ள ஒரு காட்டு நீரேந்து பிரதேசத்தை எண்ணிக்கொள்ளுங்கள். நீரேந்து பிரதேசம் என்பது, விழும் மழையெல்லாம் ஒரே ஓடையில் வந்து சேரும் நிலப்பரப்பு. ஒரு பெரிய தாம்பாளத்தைச் சரித்துப் பிடித்தாற்போல. அதிலுள்ள சரிவு முற்றாக வெறுமையாயிருந்தால் ஹெக்டேயருக்கு ஆண்டொன்றில் நூறு தொன் மண் போகும் என்று பேச்சுக்காக வைத்துக்கொள்வோம். காட்டின் காரணி ஆயிரத்தில் ஒன்றானால், ஹெக்டேயருக்குப் போவது தொன்னிற் பத்தில் ஒரு பங்கு. நூறு ஹெக்டேயருக்கும் சேர்த்துப் பத்துத் தொன். ஒரு லொறிச் சுமை.

இந்த நூறு ஹெக்டேயரில் இரண்டு ஹெக்டேயர் மாத்திரம் வெறுமையாகிவிட்டது என்று கொள்வோம். ஒரு மண்வீதி வெட்டினார்கள். அதன் ஓரத்தில் வெட்டிய சரிவு மூடப்படாமற் கிடக்கின்றது. மரம் இழுத்த தடங்கள் சில இருக்கின்றன. தொண்ணூற்றெட்டு ஹெக்டேயர் காட்டிலிருந்து வருவது 9.8 தொன். இரண்டு ஹெக்டேயரிலிருந்து வருவது இருநூறு தொன். மொத்தம் ஏறக்குறைய இருநூற்றுப் பத்துத் தொன். நிலத்திலே நூற்றுக்கு இரண்டு பங்கு கெட்டது; மண்ணிழப்போ இருபத்தொரு மடங்காயிற்று!

இன்னொரு கணக்கு. வீதி ஒன்றும் இல்லை. ஆனால் காடு முழுவதும் சருகு குறைந்து, காரணி ஆயிரத்தில் ஐந்தாகிவிட்டது என்று கொள்ளுங்கள். நூறு ஹெக்டேயரிலிருந்தும் ஐம்பது தொன் போகும். அது பத்தினும் ஐந்து மடங்கு; கவலைப்படவேண்டியதுதான். எனினும் அந்த இரண்டு ஹெக்டேயர் வெறும் நிலம் தந்த இருநூறு தொன்னில் அது காற்பங்கே.

நண்பர்களே, இந்தக் கணக்கை நான் ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்? மண்ணரிப்பு என்றவுடன், தலையிலே விறகுக்கட்டோடு காட்டிலிருந்து இறங்கிவரும் தாயையே குற்றவாளியாகக் காட்டுவது பலரிடத்தும் உள்ள வழக்கம். அடுப்பெரிக்க வேறு வழியில்லாதவள் அவள். அவள் காய்ந்த சுள்ளியைப் பொறுக்குவது வேறு. தரைச்சருகைக் கூட்டி அள்ளுவது வேறு. பின்னதைத் தவிர்க்கவேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கு நம்மை முதலிற் பார்க்கச் சொல்லும் இடம், அவள் நடக்கும் ஒற்றையடிப் பாதையன்று. சரியான கானும் மதகும் இல்லாமல் வெட்டப்பட்ட வீதி, மூடப்படாது விடப்பட்ட சரிவு, ஆண்டுதோறும் தீயிடப்படும் மேடு, இவைகளே. கணக்கு அறியாதவன் எளியவனைக் குற்றஞ்சாட்டுவான்; கணக்கு அறிந்தவன் இடத்தைக் குறித்துக் காட்டுவான். இச்சமன்பாட்டின் பெரும்பயன் இதுவென்றே நான் கருதுகிறேன்.

தீயைக் குறித்தும் ஒரு வார்த்தை. கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே பைனஸ் மரத்தோப்புகளைக் காண்கிறோம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அவை காடாகவே தோன்றும். பைனஸ் ஊசிச்சருகு தரையில் இருக்கும்வரை அதுவும் நல்ல மூடுகைதான். ஆனால் அது எளிதில் தீப்பற்றும். வரண்ட மாதங்களிலே யாரோ இட்ட தீ ஓரிரவில் அச்சருகைச் சாம்பலாக்கிவிட, அடுத்து வரும் முதற்பெருமழை மூடுகையற்ற மண்ணிலே விழுகின்றது. மரங்கள் பசுமையாக நிற்கும், மண் போய்விடும். மேலே பார்த்து மதிப்பிடுபவன் ஏமாறும் இடம் இது.

இவ்வளவும் சொன்னபின், சமன்பாட்டின் குறைகளையும் மறையாது சொல்லவேண்டும். மருந்தின் அளவு தெரியாமல் அதன் பெயரை மாத்திரம் சொல்லும் வைத்தியன்போல் நான் இருத்தலாகாது.

முதற்குறை, அதன் பிறப்பிடம். அது உழவு நிலத்திற் பிறந்தது. அதற்கு அடிப்படையான பாத்திகள் பெரும்பாலும் நூற்றுக்கு மூன்று முதல் பதினெட்டு வரையான சரிவுள்ளவை. நம் மலைகளிலே நூற்றுக்கு ஐம்பது, அறுபது சரிவென்பது சாதாரணம். நூறடி அளக்கும் கோலைக் கொண்டு ஆயிரம் அடியை ஊகிப்பதுபோன்றதே இது. அன்றியும், முப்பது நிமிட மழையைப் பதியும் கருவி எல்லா இடத்திலும் இல்லை. நாளொன்றின் மழையை மாத்திரம் வைத்துக்கொண்டு வலிமையை மதிப்பிடும்போது பிழை புகுந்துவிடும்.

இரண்டாங்குறை, காட்டிலே நீர் செல்லும் வழி வேறு. உழுத வயலில் மழை மண்ணுக்குள் இறங்கும் வேகத்தை மீறும்போது நீர் மேலே வழிகின்றது. நல்ல காட்டிலோ மண் பஞ்சுபோன்றது. வேர்த்துளைகளும் புழுத்துளைகளும் நிறைந்தது. பெரும்பாலான மழை உள்ளே இறங்கி, மண்ணுக்குள்ளேயே சரிவுவழி நகர்ந்து ஓடையைச் சேர்கின்றது. அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள கவீற்றா காட்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஹியூலெற், ஹிபேட் என்பவர்கள் இதனை ஆராய்ந்து 1967 இல் விளக்கினார்கள். ஓடைக்கரையையும் அடிவாரப் பள்ளத்தையும் சேர்ந்த நிலமே முதலில் நீரால் நிரம்பி வழிகின்றது. மழை நீடிக்க நீடிக்க அந்த ஈரநிலம் விரிந்து மேலேறுகின்றது. ஆகவே காட்டிலே எல்லா இடமும் ஒரே அளவில் அரிக்கப்படுவதில்லை. ஓடைக்கரையை மிதித்துக் கெடுப்பது, மேட்டிலுள்ள காட்டைக் கெடுப்பதினும் தீங்கு விளைவிக்கும்.

மூன்றாங்குறை, சமன்பாடு சொல்வது சரிவிலிருந்து பெயர்ந்த மண்ணை. ஆற்றை வந்தடைந்த மண்ணையன்று. பெயர்ந்த மண்ணிற் பெரும்பங்கு வழியிலே மரத்தடியிலும் சருகிலும் தங்கிவிடலாம். வீதிக்கான் நேரே ஓடையில் விழுந்தாலோ, பெயர்ந்த மண் யாவும் தங்காமல் ஆற்றுக்குச் செல்லும்.

இக்குறைகளை நிபுணர்கள் அறிந்தே இருந்தார்கள். 1980ஆம் ஆண்டுகளில் டிஸ்மையர், பொஸ்ரர் என்பவர்கள் காட்டு நிலத்துக்கென்று மூடுகைக் காரணியைப் பிரித்து, வெறும்தரையின் பங்கு, நுண்வேர், உக்கல், சரிவிலே இயற்கையாய் அமைந்த படிகள் முதலியவற்றைத் தனித்தனியே சேர்த்தார்கள். 1985 இல் தொடங்கி 1995 இல் வெளிவந்த மற்றொரு முறை, நீரரிப்பு எதிர்வுகூறல் திட்டம் என்பது. அது பெருக்கற் சூத்திரமன்று. கணினியில் ஒவ்வொரு நாளையும் நடத்திப் பார்க்கும் மாதிரியுரு. இன்று இவ்வளவு மழை பெய்தது, இவ்வளவு மண்ணுள் இறங்கிற்று, இவ்வளவு ஓடிற்று, இவ்வளவு மண் பெயர்ந்தது, இவ்வளவு வழியிற் படிந்தது என்று நாட்குறிப்பு எழுதுவதுபோல அது எழுதிச் செல்லும். காட்டு வீதிகளுக்கும் தீப்பட்ட காடுகளுக்கும் அதனைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எந்த மாதிரியுருவும், அவ்விடத்திலே யாரேனும் அளந்து பார்த்த எண்ணோடு ஒப்பிட்டபின்பே நம்பத்தக்கது. அளவாத கணக்கு சாதகம் பார்க்காமற் சொன்ன பலன்போன்றது.

இக்கணக்கால் நமக்கு ஆவதென்ன? இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

மகாவலியின் நீரை வடக்கே திருப்புவதற்காகப் பொல்கொல்லையிலே கட்டப்பட்ட அணை 1976 இல் இயங்கத் தொடங்கிற்று. 1988 இல் அதன் சிறு நீர்த்தேக்கத்தை அளந்தபோது, கொள்ளளவில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் மண்ணால் நிரம்பியிருக்கக் கண்டார்கள். பன்னிரண்டே ஆண்டுகள்! பொல்கொல்லை அணைக்குப் பின்னர் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை என்று நீர்த்தேக்கங்கள் எழுந்தன. நம் வீட்டு விளக்கும், தாழ்நிலத்து உழவனின் வயலும் இந்நீர்த்தேக்கங்களை நம்பியிருக்கின்றன. மலையிலே ஒருவன் அசட்டையாக வெட்டிய கானின் மண், கடலருகே மற்றொருவன் வயலுக்குச் செல்லவேண்டிய நீரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மகாவலி சென்று கடலிற் கலப்பது திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிலே என்பதை நாம் மறத்தலாகாது.

மற்றச் செய்தி துயரமானது. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த பெருமழையிலே மலைநாட்டு மாவட்டங்கள் பலவற்றில் மண்சரிவுகள் நேர்ந்து பல குடும்பங்களை அழித்தன. மண்சரிவு என்பது, நான் இதுவரை சொன்ன மண்ணரிப்பினின்றும் வேறானது. அது மேற்பரப்பைத் துளித்துளியாகக் கழுவுவதன்று. ஆழத்திலே நீர் நிரம்பிப் பாரமேறிய மலைத்துண்டு முழுவதுமாக நழுவுவது. இதனை மண்ணிழப்புச் சமன்பாடு சொல்லாது. "இச்சரிவிற் சமன்பாட்டின்படி மண்ணிழப்புக் குறைவு; ஆகையால் இங்கே குடியிருக்கலாம்" என்று யாராவது சொன்னால், அவர் வெப்பமானியை வைத்து எடை நிறுப்பவர் என்று அறிந்துகொள்ளுங்கள். மீரியபெத்தையைப் பற்றித் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, மக்கள் போய்க் குடியிருக்க வேறு வீடு இருக்கவில்லை. கணக்கு சரியாக இருந்தாலும் அதனை நிறைவேற்றும் கைகள் இல்லாவிடின் பயனில்லை என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமா?

ஆயினும் இரண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. வீதியிலிருந்து வழியும் நீரை ஒரே இடத்திற் கொண்டுபோய்ச் சரிவிலே விடுவதும், ஆழவேருள்ள மரங்களை அகற்றுவதும், அடிவாரத்தை வெட்டுவதும் மண்ணரிப்பையும் வளர்க்கும். மண்சரிவுக்கும் வழி திறக்கும். ஆகவே நீரை ஒழுங்குபடுத்துவது இரண்டு நோய்க்கும் பொதுவான பத்தியம்.

இனி, மன்றத்து இளைஞர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள். பெரிய கருவிகள் வேண்டா. மூன்று காரியங்கள் போதும்.

ஒன்று, உங்கள் ஊருக்குக் குடிநீர் தரும் ஊற்றுக்கு மேலே உள்ள காட்டில் நேர்கோடாக நூறு அடி வைத்து நடவுங்கள். ஒவ்வொரு அடியிலும் உங்கள் பெருவிரல் நுனியின் முன்னே கிடப்பது சருகா, செடியா, கல்லா, வெறும் மண்ணா என்று குறித்துக்கொள்ளுங்கள். நூறில் எத்தனை வெறும் மண் என்பதே அக்காட்டின் உடல்நிலை. மழைக்கு முன் ஒரு முறையும், தீக்காலத்தின் பின் ஒரு முறையும் இதனைச் செய்யுங்கள்.

இரண்டு, வீதியோரத்து வெட்டுச்சரிவிலும் தேய்ந்த பாதையிலும் இரும்பு ஊசிகள் சிலவற்றை மண்மட்டம் வரை அறைந்துவிடுங்கள். ஓராண்டின் பின் எத்தனை மில்லிமீற்றர் வெளியே தெரிகிறது என்று அளவுங்கள். ஒரு மில்லிமீற்றர் மண் ஒரு ஹெக்டேயரிற் போனால் அது பத்துக் கன மீற்றர்; ஏறக்குறையப் பன்னிரண்டு தொன். நல்ல காட்டுக்குள்ளே இந்த ஊசியை அறைந்து பயனில்லை. அங்கே ஆண்டில் இழக்கப்படுவது, கண்ணுக்குத் தெரியும் அளவினும் குறைவு. ஊசி வைக்கவேண்டிய இடம் காயம்பட்ட இடமே.

மூன்று, ஒரு மழைமானி வையுங்கள். பெருமழை நாளில் ஓடைநீரை ஒரே அளவான போத்தல்களில் எடுத்து, திகதி எழுதி, அசையாமல் ஓரிரு நாள் வைத்து, அடியிற் படிந்த மண்ணின் உயரத்தைக் குறியுங்கள். ஓடை எந்த இடத்திலே கலங்கத் தொடங்குகிறது என்று மேல்நோக்கி நடந்து பாருங்கள். அந்த இடத்திலே ஒரு மதகோ, ஒரு கானோ, ஒரு வெட்டோ இருக்கக் காண்பீர்கள்.

இவ்வாறு ஓர் ஆண்டு எழுதிய கொப்பி உங்களிடம் இருந்தால், பிரதேச சபையிடமோ தோட்ட நிர்வாகத்திடமோ வனத் திணைக்களத்திடமோ நீங்கள் வெறுங்கையோடு போகமாட்டீர்கள். "மண் போகிறது" என்று முறையிடுபவனை அனுப்பிவைத்துவிடலாம். "இந்த மதகின் கீழே, இத்தனையாம் திகதி, இவ்வளவு மழையில், போத்தலில் இவ்வளவு மண் படிந்தது, மேலேயுள்ள மதகின்மேல் இவ்வளவே படிந்தது" என்பவனை அனுப்பிவைத்தல் கடினம். பரிகாரமும் பெரிதன்று. நேரே ஓடையில் விழும் கானை இடையிடையே வெட்டித் திருப்பி, நீரைச் சருகு நிறைந்த காட்டுத்தரையிற் பரவவிட்டால், காடே அந்த மண்ணை வடிகட்டிக்கொள்ளும். ஆனால் நிலம் வெடித்தோ நழுவியோ இருக்கும் சரிவிலே இதனைச் செய்தலாகாது. அங்கே நீரை விலக்கி, உறுதியான கான்வழியே கொண்டுபோக, தகுதி வாய்ந்தவர்களை அழைத்தல் வேண்டும்.

அன்பர்களே, திருவிழாக் காலத்திலே ஆற்றிற்குச் சென்று தீர்த்தம் எடுக்கிறோம். அக்குடத்து நீர் தெளிவாயிருக்கவேண்டும் என்பது நம் எல்லோரின் விருப்பம். அத்தெளிவு ஆற்றங்கரையில் உண்டாவதன்று. மேலே, யாரும் பாராத காட்டுத்தரையிலே, காலடியில் நசுங்கும் சருகிலே உண்டாவது. இன்று நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டிய ஒன்று இதுவே: காட்டைப் பார்க்கும்போது மேலே மாத்திரம் பாராதீர்கள், குனிந்து தரையையும் பாருங்கள். பார்த்ததை எண்ணுங்கள். எண்ணியதை எழுதி வையுங்கள்.

அடுத்த ஆண்டு விழாவிலே இம்மேடையில் பேசுவதற்கு வெளியிலிருந்து ஒருவரை அழைக்கவேண்டியதில்லை. இம்மன்றத்து இளைஞர் ஒருவர் தம் கொப்பியோடு வந்து, "எங்கள் ஓடை இந்த இடத்திலே கலங்குகிறது, நாங்கள் இதனைச் செய்தோம், இப்போது இவ்வளவு தெளிந்திருக்கிறது" என்று சொல்லட்டும். அந்தப் பேச்சைக் கேட்க நான் முன்வரிசையில் வந்து அமர்வேன்.